தொண்ணூற்றாறாவது சிப்பாய்க்கும் அதே சிவப்பு

மேசைப்போர் விளையாட்டுக்காகச் சின்னஞ்சிறு படைவீரர்களுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ஒரு வீரனை அழகாகத் தீட்டச் சொல்லித்தர இன்று ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு படையை முழுதாகத் தீட்டி முடிக்கச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. தீட்டுவது ஒரு திறமை, முடிப்பது இன்னொரு திறமை. முதலாவதில் கைதேர்ந்த பலரின் வீட்டிலும் பாதி சிவப்பும் பாதி வெறும் பிரைமருமாகப் பட்டாளங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவர்கள் கையில் குறை இல்லை. எந்தத் தரத்தில் தீட்டுவது என்று முதல் நாளே தீர்மானித்து, கடைசி வீரன்வரை அதைவிட்டு ஏறாமலும் இறங்காமலும் நிற்பவர்தான் முடிக்கிறார். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியதுதான்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு படையை எடுத்துக்கொள்வோம்: 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நின்ற சர் காலின் ஹால்கெட்டின் பிரிட்டிஷ் பிரிகேட். 30, 33, 69, 73 ஆகிய ரெஜிமென்ட்களிலிருந்து தலா ஒரு பட்டாலியன், மொத்தம் நான்கு. உருவங்கள் 28 மில்லிமீட்டர் அளவு. பட்டாலியனுக்கு 24 உருவங்கள் என்று வைத்தால் 96 பேர், அதோடு குதிரைமேல் ஹால்கெட் ஒருவர். தொடக்கக்காரருக்கு இது நீண்ட வேலைதான். ஆனால் முடிவு கண்ணுக்குத் தெரிகிற வேலை.

1. எல்லையைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

‘வாட்டர்லூ படை’ என்பது எல்லை ஆகாது. அது ஆசை. எந்தப் படைப்பிரிவு, எத்தனை பேர், போரின் எந்த நேரம் என்று எழுதினால்தான் எல்லை. இதை வில்லியம் சைபோர்னிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். 1830இல் இந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்கு வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியைச் செய்யும் பணி தரப்பட்டது. லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார் இருந்தார்கள், வயலில் என்ன பயிர் நின்றது என்று கேட்டார். இவ்வளவு தகவல் சேர்ந்தால் எந்த மனிதருக்கும் எல்லாவற்றையும் காட்டிவிடத் தோன்றும். அவர் ஒரே ஒரு நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டார்: மாலை ஏழு மணி அளவில், நெப்போலியனின் காவற்படை கடைசித் தாக்குதலுக்கு மேடேறி வந்த நேரம். அதனால் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு வரம்பு கிடைத்தது. 1833இல் அரசு பணத்தை நிறுத்திய பிறகும் அவர் வேலையை விடவில்லை. 1838இல் லண்டன் பிக்கடிலியில் இருந்த எகிப்தியன் ஹாலில், 70,000க்கும் மேற்பட்ட உருவங்களோடு அந்த மாதிரி காட்சிக்கு வந்தது. இன்றும் செல்சியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். அதற்காக அவர் பட்ட கடனை நீங்கள் பட வேண்டாம். அந்த ஒற்றை நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிரிகேடுக்கு நான் தேர்வது பிற்பகல், பிரெஞ்சுக் குதிரைப்படை திரும்பத் திரும்ப மோதிய நேரம். அப்போது ஹால்கெட்டின் ஆட்கள் சதுர அணியில் நின்றார்கள். ஆகவே முன்வரிசை மண்டியிட்டு பயோனெட் நீட்டியிருக்க வேண்டும், பின்வரிசை குறிபார்க்க வேண்டும். ஓடும் வீரன் தேவையில்லை. எந்த உருவத்தை வாங்குவது என்ற குழப்பம் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

2. முடியும்வரை வேறு படை வாங்காதீர்கள். அரை விலையில் கிடைத்தாலும் வேண்டாம்.

3. ஒரு மாதிரி வீரனைத் தீட்டி, அவனைக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் வையுங்கள்.

மேசைப்போரில் உங்கள் படையைப் பார்ப்பவர்கள் மூன்றடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரிவது நான்கு விஷயங்கள்: சிவப்புக் கோட்டு, குறுக்கே போகும் வெள்ளை வார்கள், முகம், கொடி. பொத்தான் தெரியாது. கண்விழி தெரியவே தெரியாது. மாதிரி வீரனை ஒரே அமர்வில் தீட்டி, எந்தப் படி தூரத்திலிருந்து தெரிகிறது, எது தெரியவில்லை என்று பாருங்கள். தெரியாததை நீக்குங்கள். மிச்சமிருக்கும் படிகளை வரிசையாக எழுதுங்கள்: எந்தப் பிரைமர் (அடிப்பூச்சு), எந்த நிறம், எந்த வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும் நீர்த்த நிறம்), எங்கே வெளிச்சக் கோடு. அதுதான் உங்கள் தரம். 96 பேருக்கும் அந்தத் தாள்தான் சட்டம். இந்த வேலைக்கு ஒரு வாரம் செலவானாலும் தகும். முழுத் திட்டத்திலும் இதைவிடப் பயனுள்ள வாரம் வேறு இல்லை.

4. சிவப்பைப் புட்டியிலிருந்து நேராக எடுங்கள்.

இரண்டு நிறத்தைக் கலந்து அருமையான சிவப்பு ஒன்று கண்டுபிடித்தால் மகிழ்ச்சிதான். அடுத்த மாதம் அதே சிவப்பு திரும்ப வராது. ஒரே பட்டாலியனில் இரண்டு சிவப்பு நின்றால் அது மூன்றடி தூரத்திலும் தெரியும். கடையில் கிடைக்கும் நிறத்தையே தேர்ந்து, ஒன்றுக்கு இரண்டு புட்டி வாங்கி வையுங்கள். வயெஹோ நிறுவனத்தின் சிறு சொட்டுப் புட்டியில் கொஞ்சம்தான் இருக்கும். அந்த நிறம் கடையில் தீர்ந்துபோனால் உங்கள் படை காத்திருக்கும்.

இன்னொன்று. சிவப்பும் மஞ்சளும் மூடுதிறன் குறைந்த நிறங்கள். கறுப்புப் பிரைமர்மேல் சிவப்பு அடித்தால் மூன்று, நான்கு கோட் கேட்கும். செம்பழுப்புப் பிரைமர்மேல் இரண்டே கோட்டில் நிறைந்து நிற்கும். 96 பேருக்கும் இந்த வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். 30-ஆவது ரெஜிமென்ட்டின் காலரும் கைப்பட்டியும் வெளிர் மஞ்சள். அதற்குக் கீழே முதலில் காவிநிறம் ஒரு கோட் கொடுங்கள். 33-க்குக் காலரும் சிவப்புத்தான், அதனால் நான்கில் அதுவே சுலபம். 69-க்கு வெளிர் பச்சை, 73-க்குக் கரும்பச்சை. இந்த இரண்டு பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் பிரித்தறிய முடிகிறதா என்று மாதிரியிலேயே பார்த்துவிடுங்கள்.

5. தூரிகை எடுக்கும் முன் எல்லா உருவங்களையும் தயார்செய்து முடியுங்கள்.

வார்ப்பில் வந்த கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து ஒட்டிவரும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் உரியும். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை அரம் போட்டுத் தேய்த்த தூளைச் சாப்பாட்டு மேசையில் விடாதீர்கள், கையைக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உங்களுக்குத் தொற்றியிருந்தால் இன்றே விடுங்கள். ஸ்ப்ரே பிரைமரை மொட்டை மாடியில் அடியுங்கள், அறைக்குள் வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் இதை இரட்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

6. எட்டு எட்டாகத் தீட்டுங்கள்.

ஒவ்வொருவனாகத் தீட்டினால் ஒவ்வொரு முறையும் புட்டி திறந்து, தூரிகை கழுவி, நேரம் முழுக்க அதில் போகும். 24 பேரையும் ஒரே தடவையில் எடுத்தால், வெள்ளை வார் தீட்டும் இரண்டாம் நாளே மனம் விட்டுப்போகும், ஏனென்றால் எவ்வளவு செய்தாலும் ஒருவன்கூட முடிந்திருக்க மாட்டான். எட்டு பேர் என்பது பெரும்பாலானவர்களுக்குச் சரியான அளவு. ஐஸ் குச்சியில் இருவர் இருவராக, தூரிகை நுழைய இடம்விட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

வரிசை, ஒரு மனிதன் உடுத்தும் வரிசை: முதலில் முகமும் கையும், பிறகு சாம்பல் கால்சட்டை, சிவப்புக் கோட்டு, காலரும் கைப்பட்டியும், முதுகுப்பை, வெள்ளை வார்கள், கடைசியில் துப்பாக்கியும் ஷேகோ தொப்பியும். உள்ளே இருப்பதை முதலில் தீட்டினால் வெளியே வழிந்ததை அடுத்த நிறம் மூடிக்கொள்ளும். வார்களுக்கு நேராக வெள்ளை போடாதீர்கள். இளஞ்சாம்பல் போட்டு, மேல்பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு இழுங்கள். சிவப்புக்குப் பழுப்பு வாஷ் கொடுங்கள். கறுப்பு வாஷ் சிவப்பை அழுக்காக்கிவிடும்.

பெயிண்ட் தட்டில் காய்ந்துகொண்டே இருந்தால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நனைந்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் நிறத்தை எடுங்கள். மறுநாளும் அதே ஈரத்தோடு இருக்கும். தூரிகையில் 000 எண் தேடி அலைய வேண்டாம். நுனி கூராக நிற்கும் 1-ஆம் எண் தூரிகை ஒன்று முக்கால்வாசி வேலையைச் செய்யும். சின்னத் தூரிகையில் பெயிண்ட் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது.

7. வரலாறு கொடுத்த இடைநிறுத்தங்களைப் பயன்படுத்துங்கள்.

பெரிய வேலையைப் பகுதிகளாகப் பிரிக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். எங்கே பிரிப்பது என்பதுதான் விஷயம். ஹால்கெட்டின் பிரிகேட் இரண்டு நாள் முன்பு, ஜூன் 16 அன்று காத்ர் ப்ராவில் கடுமையாக அடிவாங்கியிருந்தது. ஆள் குறைந்துபோனதால் வாட்டர்லூவில் நான்கு பட்டாலியனும் தனித்தனியே சதுரம் அமைக்காமல் இரண்டிரண்டாகச் சேர்ந்தன: 30-உம் 73-உம் ஒரு சதுரம், 33-உம் 69-உம் இன்னொரு சதுரம். உங்களுக்கும் அதுவே வழி. முதலில் 30-ஐயும் 73-ஐயும் முடியுங்கள். அந்தக் கணத்தில் உங்கள் கையில் இருப்பது பாதிப் படை அல்ல. அன்றைய களத்தில் உண்மையிலேயே நின்ற ஒரு முழுச் சதுரம். மேசையில் வைத்து விளையாடலாம். அடுத்த 48 பேருக்கான தெம்பு அந்த விளையாட்டிலிருந்து வரும்.

வேறு படை எடுப்பவர்களும் இப்படி ஒரு பிளவைத் தேடுங்கள். பிரெஞ்சுக் காலாட்படை தீட்டுகிறீர்களா? 1808 பிப்ரவரி ஆணைக்குப் பிறகு அவர்கள் பட்டாலியனில் ஆறு கம்பெனிகள்: ஒரு கிரனேடியர், ஒரு வோல்டிஜர், நான்கு ஃபியூசிலியர். தொப்பிக் குஞ்சத்தின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கம்பெனி கம்பெனியாக முடிப்பது அங்கே இயல்பாக அமையும்.

8. கை சலிக்கும்போது தூரிகையை வைத்துவிட்டு அந்த மனிதர்களைப் பற்றிப் படியுங்கள்.

எழுபதாவது சிப்பாய்க்கு அருகே எல்லோருக்கும் சலிப்பு வரும். அப்போது கையை வற்புறுத்தினால் தரம் இறங்கும். யாருக்காக இந்தச் சிவப்பைப் பூசுகிறோம் என்று தெரிந்தால் கை தானே திரும்பும். தமிழ் வாசகருக்கு இந்த ரெஜிமென்ட்கள் தூரத்து ஆட்கள் அல்ல. 33-ஆவது ரெஜிமென்ட், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லியின் சொந்த ரெஜிமென்ட். 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அவரோடு வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தபோது உள்ளே இருந்த ஐரோப்பியப் படை 69-ஆவது ரெஜிமென்ட்டின் நான்கு கம்பெனிகள்தான். அது முதல் பட்டாலியன், வாட்டர்லூவில் நின்றது இரண்டாம் பட்டாலியன். ஆனால் கொடியிலும் காலரிலும் அதே எண், அதே வெளிர் பச்சை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பச்சையை நான் அலட்சியமாகப் பூசியதில்லை. இவர்கள் யாருக்காகச் சண்டையிட்டார்கள், யாரைச் சுட்டார்கள் என்பதை மறக்காமலே, அவர்களைச் சரியாகத் தீட்ட முடியும். அப்படித் தீட்டுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

9. முதலில் தீட்டியவர்களைத் திரும்பத் தொடாதீர்கள்.

திட்டங்கள் சாகும் இடம் இதுதான், ஆகவே கவனமாகக் கேளுங்கள். மூன்றாம் எட்டுக்கு வரும்போது கை தேறியிருக்கும். முதல் எட்டு பேர் மட்டமாகத் தெரிவார்கள். அவர்களை எடுத்து மீண்டும் தீட்டத் தோன்றும். தீட்டினால் அதற்குள் கை இன்னும் தேறி, மூன்றாம் எட்டு மட்டமாகத் தெரியும். இதற்கு முடிவே கிடையாது.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து உண்டு. கடைசி எட்டு பேரிடம், தேறிய கையைக் காட்ட ஆசை வரும். சிவப்பில் இன்னும் இரண்டு வெளிச்சக் கோடு, முகத்தில் கூடுதல் நிழல். அவர்கள் அழகாக வருவார்கள், மற்ற 88 பேரும் பாழாகத் தெரிவார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ஒரே சாம்பார் ஊற்றுவதுதான் மரியாதை. தேறிய கைக்கு அடுத்த படை இருக்கிறது. இந்தப் படைக்குச் சுவரில் ஒட்டிய தாள் இருக்கிறது. அணிவகுத்து நிற்கும்போது பழையவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பலாம். அந்த அளவு சலுகை போதும்.

10. கூடுதல் உழைப்பைக் கொடிக்கும் தளபதிக்கும் கொடுங்கள்.

தாளை மீற அனுமதிக்கும் இடங்கள் இவை மட்டுமே. பட்டாலியனில் கண் முதலில் போவது கொடிக்கு. அச்சிட்ட காகிதக் கொடியை ஃபெவிகால் பூசி ஒட்டி, ஈரம் காயும் முன் காற்றில் ஆடும் வளைவைக் கொடுங்கள். விளிம்பில் தெரியும் வெள்ளைக் காகிதத்தின்மேல் அதே நிறத்தைத் தொட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு இரண்டு கொடி: அரசர் கொடி ஒன்று, ரெஜிமென்ட் கொடி ஒன்று. 69-க்கு மட்டும் யோசியுங்கள். காத்ர் ப்ராவில் பிரெஞ்சு மார்க்கவசக் குதிரைப்படை அவர்களுடைய அரசர் கொடியைப் பறித்துக்கொண்டு போனது. ஜூன் 18 என்று தாளில் எழுதியிருந்தால் அந்தப் பட்டாலியனில் ஒரு கொடிதான் இருக்க வேண்டும். விஷயம் தெரிந்த ஒருவர் மேசைக்கு வந்து இதைக் கவனித்தால், உங்கள் 96 பேரையும் மரியாதையோடு பார்ப்பார்.

ஹால்கெட்டைக் கடைசியாக வையுங்கள். அவர் குதிரைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள்.

11. அடித்தளத்தை ஒரே நாளில், எல்லோருக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

தொடக்கக்காரர்கள் பச்சைப் பொடியைத் தூவி முடித்துவிடுகிறார்கள். படை கிரிக்கெட் மைதானத்தில் நிற்பதுபோல் ஆகிறது. வாட்டர்லூவில் முந்தைய இரவு முழுக்க மழை. தரை சேறு. ஆளுயர ரை பயிர் மிதிபட்டுக் கிடந்தது. ஆகவே கரும்பழுப்பு மண், ஈரம் மினுங்க அங்கங்கே பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு, வைக்கோல் நிறத்தில் சாய்ந்த கதிர்கள். கால்சட்டையின் கீழ்ப்பகுதியிலும் பழைய தூரிகையால் அதே மண் நிறத்தைத் தேய்த்துவிடுங்கள். அதோடு வீரனும் தரையும் ஒட்டிக்கொள்வார்கள். இந்தச் சேறு கால்களில் நடந்த சின்னச் சின்னக் கோளாறுகள் பலவற்றையும் மூடும். மணலும் நிறமும் ஒரே கலவையாக இருக்க வேண்டும் என்பதால்தான் ஒரே நாளில் செய்யச் சொல்கிறேன்.

12. வானத்தைப் பார்த்து வார்னிஷ் அடியுங்கள்.

மாதக்கணக்கில் செய்த வேலையை ஒரு நிமிடத்தில் கெடுக்கக்கூடியது மேட் ஸ்ப்ரே வார்னிஷ். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது வெண்பனிபோல் படிந்து நிறத்தை மூடிவிடும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது பேச்சளவு ஆபத்து அல்ல. மழைக்காலத்தில் ஸ்ப்ரேயைத் தொடவே தொடாதீர்கள். தூரிகையால் பூசும் வார்னிஷை நன்றாகக் குலுக்கி, மெல்லியதாக இரண்டு கோட் பூசுங்கள். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் வெயில் ஏறிய பிறகு, முதலில் ஒரே ஒரு வீரன்மேல் அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு மற்றவர்களுக்கு. விரல் படும் பொருள் என்பதால் கீழே பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட், மேலே மேட் ஒரு கோட் என்பது நல்ல வழக்கம்.

13. ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள், தேதி குறியுங்கள்.

2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் முன்னெடுப்பில் வாட்டர்லூ போர் முழுவதையும் 28 மில்லிமீட்டர் உருவங்களால் மேசைகளில் விளையாடினார்கள். 20,000க்கும் மேற்பட்ட உருவங்கள். காயமடைந்த முன்னாள் படைவீரர்களோடு அந்தக் களத்தில் அகழாய்வு செய்யும் ‘வாட்டர்லூ அன்கவர்ட்’ என்ற அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக அது நடந்தது. அத்தனையும் பலருடைய கைகள் பகிர்ந்து தீட்டியவை. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். எதிரே பிரெஞ்சுக் குதிரைப்படை தீட்டும் ஒரு நண்பர் போதும். இருவரும் ஒரு தேதியை ஒப்புக்கொள்ளுங்கள். தனக்குத்தானே கொடுத்த வாக்கை மனிதர் எளிதில் தள்ளிப்போடுவார். நண்பர் குதிரைகளோடு வாசலில் நிற்கும்போது தள்ளிப்போட மாட்டார்.

14. முடித்த அன்றே அடித்தளத்தின் அடியில் எழுதுங்கள்.

ரெஜிமென்ட் எண், வரிசையில் இடம், முடித்த ஆண்டு, சிவப்பின் பெயரும் புட்டி எண்ணும். சுவரில் ஒட்டிய தாளைக் கழற்றிப் படை இருக்கும் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பெட்டி தகரமாக இருந்து, உருவங்களின் அடியில் காந்தத் தாள் ஒட்டியிருந்தால் பயணத்தில் பயோனெட் உடையாது. விளையாட விளையாட முழங்கையிலும் தோளிலும்தான் நிறம் முதலில் உரியும். அதைத் தொட்டுச் சரிசெய்ய அதே சிவப்பு வேண்டும், ஆகவே மிச்சமுள்ள புட்டியை மூடியை இறுக்கி, படையோடு சேர்த்தே வையுங்கள்.